மடிப்புக் கோடு

உடலைத் தொடாமலே உடலுக்குரிய உடையை வெட்டிவிடலாம் என்று நான் கற்பித்தேன். நாடு விடுதலை பெற்ற ஆண்டில், மலாக்காவின் காஜா பேராங் சாலையில், ஒரு பழைய வீட்டின் மாடியில் பதினேழு பெண்களுக்கு அதைக் கற்பித்தேன். அப்போது எனக்கு அகவை இருபத்தாறு.

முறை எளிது. மார்புச் சுற்று, இடைச் சுற்று, தோளிலிருந்து இடை வரையிலான நீளம் ஆகிய மூன்றளவுகள் போதும். எஞ்சியவற்றைக் கணக்கே தந்துவிடும். மார்புச் சுற்றில் பன்னிரண்டில் ஒரு பங்கு கழுத்தின் அகலம். தோள் இவ்வளவு சரிய வேண்டும், கைக்குழி இவ்வளவு ஆழம் இறங்க வேண்டும் என்பதற்கெல்லாம் இதுபோன்ற பங்குகள் உண்டு. ஓர் ஆங்கில நூலிலிருந்து இவற்றை எடுத்து ஈராண்டுகள் உழைத்துத் தமிழாக்கியிருந்தேன். தோட்சரிவு, கைக்குழி, மடிப்புக் கோடு என ஒவ்வொரு சொல்லையும் தேடித் தெரிந்து அமைத்தபோது ஏற்பட்ட மகிழ்ச்சி, அச்சொற்கள் எந்த உடம்பைக் குறிக்கின்றன என்று எண்ணிப் பார்க்க இடம் தரவில்லை. வகுப்பில் சொல் வழுவினால் திருத்துவேன். ‘ஜாக்கெட்’ என்றால் ‘இரவிக்கை’ என்பேன். நகரத்துப் பெண்ணொருத்தி என் காதுபடவே தோழியிடம், “டீச்சர் பேசுற தமிழக் கேட்டா தையல் மெஷினே எழுந்து நின்னு கும்பிடும் லா” என்றாள். நான் கேட்காததுபோல் இருந்துகொண்டேன்.

இம்முறையை நான் பற்றிக்கொண்டமைக்கு ஒரு காரணமும் இருந்தது. அக்காலத்தில் நம் பெண்கள் தையற்காரர் கடைக்குப் போய் நின்று அளவு கொடுப்பதில்லை. ஆடவர் ஒருவர் அளவு நாடாவைப் பிடித்து உடம்பைச் சுற்றி அளப்பதை வீட்டார் ஒப்பார். ஆகவே, பழைய இரவிக்கையொன்றைச் சுருட்டி ‘அளவு ரவிக்கை’ என்று கொடுத்தனுப்புவர். உடுப்பவள் இளைத்திருப்பாள், பிள்ளை பெற்றுப் பருத்திருப்பாள், நோயில் கிடந்து எழுந்திருப்பாள். தையற்காரரோ பழைய இரவிக்கையில் இருந்த பிழைகளையும் சேர்த்துப் படியெடுத்துத் தருவார். அவள் அதை ஊக்குக் குத்தி உடுத்திக்கொள்வாள். பெண்ணே தன்னை மூன்றிடத்தில் அளந்துகொண்டால் ஆடவர் கையும் வேண்டா, பழைய துணியும் வேண்டா என்று நான் எண்ணினேன். அவ்வெண்ணம் முழுவதும் தவறென்று இன்றும் சொல்ல மாட்டேன்.

தவறு மடிப்பில் இருந்தது. பழுப்புக் காகிதத்தை நடுவே மடித்து, மடிப்புக் கோட்டை முதுகெலும்பாகக் கொண்டு, பாதி உடலை மட்டும் வரைய வேண்டும். வெட்டிப் பிரித்தால் மறுபாதி பிழையின்றி வந்திருக்கும். இப்போது கல்லூரிகளில் கணினித் திரையில் உடை வரைகிறார்கள். ஒருமுறை போய்ப் பார்த்தேன். அங்கும் ஒரு பக்கத்தை வரைந்தவுடன் மறுபக்கத்தைப் பொறி தானே நிரப்பிக்கொள்கிறது. திரையில் ஒரு பெண்ணுருவம் அவ்வுடையோடு சுழன்றுகொண்டே இருந்தது. அது மூச்சு விடவில்லை. கற்பித்துக்கொண்டிருந்த ஆசிரியை என் கருத்தைக் கேட்டார். என் பழுப்புக் காகிதமும் மூச்சு விட்டதில்லை என்று சொல்ல நா எழவில்லை. நன்றாக இருக்கிறது என்று சொல்லிவிட்டு வந்தேன்.

வகுப்பு நடந்த வீட்டின் கீழ்த்தளத்தில் அதன் உரிமையாளரான மூதாட்டி வாழ்ந்தார். பல தலைமுறைகளாக மலாக்காவிலேயே வாழும் செட்டி மரபினர்; நெற்றியில் திருநீறு, பேச்சு முழுவதும் அவர்களுக்கேயுரிய மலாய். தமிழில் சாமி பெயர்களும் சில உறவுப் பெயர்களும் மட்டுமே அறிவார். என்னை ‘சிக்கு’ என்று, மலாய்க்காரர் ஆசிரியரை அழைப்பதுபோல் அழைப்பார். அவரும் தைப்பவர். மலாய்ப் பெண்கள் அணியும் மேற்சட்டையான கெபாயாவை அவர் தைக்கும் விதம் எனக்கு அருவருப்பாகக்கூட இருந்தது. உடுப்பவளை நிற்க வைத்து, துணியை அவள்மேல் போர்த்தி, வாயில் கவ்விய குண்டூசிகளை ஒவ்வொன்றாக எடுத்து அங்கேயே குத்துவார். அக்குளில் கைவிட்டுப் பார்ப்பார். மூச்சை இழுத்து விடச் சொல்வார். ஒரு நாள் என் வரைபடத்தை எட்டிப் பார்த்துவிட்டு, “நோம்போர் சாஜா, ஓராங் தாடா” என்றார். எண்கள்தாம் இருக்கின்றன, ஆளைக் காணோம் என்பது பொருள். நான் நகைத்துக்கொண்டேன்.

என் மாணவியருள் மூத்தவர் குருபோங் பக்கத்து இரப்பர்த் தோட்டமொன்றிலிருந்து வந்தார். என்னைவிடப் பத்தாண்டுகளாவது பெரியவர்; கணவரை இழந்தவர். வைகறையில் பால் வெட்டப் போய், நண்பகலில் பாலை நிறுத்துக் கொடுத்துவிட்டு, குளித்து, பேருந்து பிடித்து வகுப்புக்கு வந்து சேர்வார். இரண்டு வாளி இரப்பர்ப் பாலை இரு முனைகளிலும் தொங்கவிட்டுத் தோளில் சுமக்கும் கம்பைத் தோட்டத்தில் காண்டா என்பர். இருபது ஆண்டுகள் காண்டா சுமந்தவர் அவர். முழங்கால் வீங்கத் தொடங்கியிருந்தது. தோட்டத்து வீடு உழைக்கும் கை உள்ளவரைதான். அவர் நின்றுவிட்டால் வீட்டைத் தக்கவைக்க மகள் பேரைத் தொழிலாளியாகப் பதிய வேண்டும். மகளுக்குப் பதினான்கு நிறையவில்லை. தோட்டப் பள்ளியில் ஆறாம் வகுப்பை முடித்துவிட்டு வீட்டிலிருந்தாள்.

கிளேபாங்கில் பெண்கள் பள்ளியொன்று தையல் ஆசிரியை வேண்டுமென, வகுப்பை நடத்திய எங்கள் மாதர் மன்றத்துக்கு எழுதியிருந்தது. பள்ளியின் பின்புறத்தில் ஓர் அறையும் தருவதாகச் சொல்லியிருந்தார்கள். மன்றத்தின் சான்றிதழ் பெற்றவராக இருக்க வேண்டும் என்பது மட்டுமே விதி. நகரத்துப் பெண்களை வெளியில் தங்க அவர்தம் வீட்டார் விடமாட்டார்கள். ஆகையால், சான்றிதழ் கிடைத்தால் அந்த வேலை அவருக்குத்தான் என்பது எல்லாருக்கும் தெரிந்திருந்தது.

இவ்வளவு தொலைவு களைத்து வருகிறாரே என்று ஒரு நாள் பரிவோடு சொன்னேன். அவர் ஊசியில் நூலைக் கோத்துக்கொண்டே, “எம் மவ தோளு இன்னும் நேரா இருக்கு டீச்சர். அது நேராவே இருக்கணும். அதுக்குத்தான் வர்றேன்” என்றார்.

அச்சொற்களைக் கேட்டேன், இரங்கினேன். அவற்றை என் வரைபடத்தோடு சேர்த்துப் பார்க்க எனக்குத் தோன்றவில்லை.

அவர் காகிதத்தை மடிக்க மாட்டார். விரித்தபடியே வைத்து வலப்பக்கத்தைத் தனியாகவும் இடப்பக்கத்தைத் தனியாகவும் வரைவார். மடிக்காமல் வெட்டினால் இரு பக்கமும் ஒத்துவராது என்று விளக்கினேன். “சரி டீச்சர்” என்று மடித்துக்கொண்டார். அடுத்த வாரம் மீண்டும் விரித்தே வைத்திருந்தார். முன்பு தையற்பொறியைக் கும்பிட வைத்த அதே பெண், அக்காவுக்குக் காகிதமே மடிக்கத் தெரியவில்லை, துணியை எப்படி மடிப்பார் என்று கேலி பேசினாள். அவர் தலை நிமிராமல், “வாயத் தைக்கிற ஊசி இருந்தா எடுத்து வையி பொண்ணு, இன்னைக்குப் பாடத்த அதுலேருந்தே ஆரம்பிப்போம்” என்றார். வகுப்பு சிரித்து அடங்கியது. கணக்குப் புரியாமையைச் சிரிப்பால் மறைக்கிறார் என்று நான் தீர்மானித்துக்கொண்டேன்.

தேர்வு, ஒவ்வொருவரும் தத்தம் அளவுக்கு ஓர் இரவிக்கை வெட்டித் தைத்துத் தருவது. திருத்தும் விதியை நானே வகுத்திருந்தேன். இரவிக்கையை மேசைமேல் பரப்பி நடுக்கோட்டில் மடிப்பேன். தோளோடு தோளும் கைக்குழியோடு கைக்குழியும் பொருந்த வேண்டும். பொருந்தாவிட்டால் தையல் எவ்வளவு நேர்த்தியாக இருப்பினும் தேர்ச்சி இல்லை. எவரும் அணிந்து காட்டத் தேவையில்லை. உடுத்திய துணியைத் தேர்வுக்கு வைப்பது முறையன்று என்று நானே கூறியிருந்தேன். அவ்விதியில் எனக்குப் பெருமையும் இருந்தது.

அவருடைய இரவிக்கை இளநீலப் பருத்தி. பொடித் தையல், ஓரங்களில் ஒரு நூலும் நீட்டிக்கொண்டிருக்கவில்லை. மடித்தேன். வலத் தோள் இடத் தோளைவிட முக்கால் அங்குலம் மேலேறி நின்றது. வலக் கைக்குழி பெரிதாக இருந்தது. கழுத்து நடுவிலிருந்து விலகியிருந்தது. மறுமுறையும் மடித்துப் பார்த்துவிட்டு, ஏட்டில் ‘பாதிகள் ஒவ்வா’ என்று எழுதிக் கையொப்பமிட்டேன். அவர் முகம் நினைவுக்கு வந்தது. கிளேபாங் அறையும் நினைவுக்கு வந்தது. இரக்கம் காட்டுவது கல்விக்கு இழுக்கு என்று என்னை நானே உறுதிப்படுத்திக்கொண்டேன்.

பெயர்ப்பட்டியலைக் கதவில் ஒட்டிய நாளில் அவர் அதைப் படித்துவிட்டுத் தம் இரவிக்கையை எடுத்துச் சென்றார்.

எட்டு நாள் கழித்து, இரவலாகப் பெற்ற கத்தரிக்கோலையும் அளவு நாடாவையும் திருப்பித் தர வந்தார். கீழே உரிமையாளரின் குரல் என்னை அழைத்தது. இறங்கிப் போனேன். அவர் அந்த அம்மையாரைக் கூடத்தின் நடுவில் நிறுத்தி, மெல்லத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தார். தேறாத அந்த இளநீல இரவிக்கை அம்மையாரின் உடம்பில் இருந்தது. இரு தோளிலும் ஒரு சுருக்கமில்லை. கழுத்து நடுமார்பில் நேராக அமர்ந்திருந்தது. தோட்டத்துப் பெண்கள் இடத் தோளில் எப்போதும் குத்தியிருக்கும் ஊக்கு அவரிடம் இல்லை. உரிமையாளர் தம் உள்ளங்கைகளை அவருடைய இரு தோள்களிலும் வைத்தார். கைகளில் ஒன்று உயர்ந்தும் ஒன்று தாழ்ந்தும் நின்றன. அப்படியே என்னைத் திரும்பிப் பார்த்தார்.

ஏழு மாதம் என் முன்னால் அமர்ந்திருந்த ஒருவரின் தோள்களை அன்றுதான் பார்த்தேன்.

“தெரிந்தேதான் இப்படி வெட்டினீர்களா, அக்கா?”

“தெரிஞ்சுதான். காண்டா ஏறி ஏறி வலது தடிச்சுப் போச்சு, இடது எறங்கிப் போச்சு. மடிச்சு வெட்டினா இடப்பக்கம் நழுவுது டீச்சர். நீங்க சொன்ன கணக்கெல்லாம் சரிதான். ஒரு பக்கத்துக்கு ஒரு தடவ, இன்னொரு பக்கத்துக்கு ஒரு தடவன்னு ரெண்டு தடவ போட்டேன்.”

“அன்றைக்கே ஏன் சொல்லவில்லை?”

“பொண்ணுங்க முன்னால தோளக் காட்டியா சொல்றது? எப்படியும் போட்டுக் காட்டச் சொல்வீங்கன்னு நெனச்சேன்.”

என் கணக்கை என்னைவிட நன்றாகப் புரிந்துகொண்டவர் அவர். மன்றத்தில் பேசிச் சான்றிதழுக்கு ஏற்பாடு செய்வதாகச் சொன்னேன். கிளேபாங் பள்ளியில் எப்போது ஆள் எடுப்பார்கள் என்று கேட்டார். இந்த மாதக் கடைசியில் என்றேன். அடுத்த மாதம் பிறந்தால் மகள் பேரைப் பதியக் கேட்பார்கள் என்றும், அதற்குள் ஆனால் நல்லது என்றும் சொல்லிவிட்டுப் பேருந்துக்குப் போனார்.

மன்றத்துச் செயலாளரின் வீடு தெங்கேராவில். என் வகுப்பிலிருந்து மிதிவண்டியில் கால் மணி நேரம். அன்று மாலையே போயிருக்கலாம். போகவில்லை. வகுப்புத் தொடங்குமுன், ஏட்டறிவு மட்டும் உள்ள இளம்பெண் என்ன கற்றுத் தருவாள், அனுபவமுள்ள தையற்காரர் ஒருவரை அமர்த்தினால் போதும் என்று மன்றத்தில் பேசியவர் அவர்தாம். அவருக்கு மறுமொழியாக என் வரைபடத்தை விரித்து ஒரு மணி நேரம் வாதிட்டு வென்றிருந்தேன். அவ்வரைபடத்தில் பிழை இருக்கிறது என்று அவரிடமே போய்ச் சொல்ல வேண்டும். எந்தச் சொற்களால் சொல்வது என்று நாள்தோறும் கட்டிக் கட்டிக் கலைத்தேன். பிழை என்பதா, குறை என்பதா, விதிவிலக்கு என்பதா? அதற்குள் விடுதலைக் கொண்டாட்டம் நெருங்கியது. வகுப்பில் கொடிகளும் தோரணங்களும் தைத்தோம். தையற்பொறிகளின் ஓசையில் ஒரு வாரம் போயிற்று. கொண்டாட்டக் களைப்பில் மற்றொரு வாரம் போயிற்று. வேலை மிகுதி என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டது பொய். கொடிக்கு மடிப்பு ஒன்று, தையல் இரண்டு. அதில் வேலை என்ன இருக்கிறது?

இறுதியில் ஒரு நாள் போனேன். கட்டி வைத்திருந்த சொற்கள் எவையும் தேவைப்படவில்லை. தோள் ஏற்றத்தாழ்வை நான் பாராமல் விட்டேன், அவர் பார்த்தார் என்று சொல்லி முடித்தேன். செயலாளர் மூக்குக்கண்ணாடியை மாட்டிக்கொண்டு, மைக்கூட்டைத் திறந்து, சான்றிதழை எழுதி, மை உலர ஊதி என் கையில் கொடுத்தார். எல்லாம் சிறிது நேரத்தில் முடிந்தது.

“இதுக்கா இத்தன நாளு? தோட்டத்துப் பொம்பளங்க தோளு அப்படித்தான் இருக்கும், யாருக்குத் தெரியாது?” என்றார். பிறகு சற்றுத் தயங்கி, கிளேபாங்குக்கு மூவாரிலிருந்து ஒரு பெண் வந்து சேர்ந்து மூன்று நாள் ஆகிறது என்றார்.

மறுநாள் குருபோங்குக்குப் பேருந்தில் போனேன். வழியெங்கும் விடுதலைத் தோரணங்கள் மழையில் நனைந்து, சாயம் இறங்கி, ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு தொங்கின. எவற்றை நாங்கள் தைத்தோம் என்று அடையாளம் தெரியவில்லை. பேருந்து நின்ற இடத்திலிருந்து செம்மண் சாலையில் இரண்டு கல் நடக்க வேண்டியிருந்தது. இரு புறமும் பால் மரங்கள். வெட்டுக்காயங்களின் கீழ்க் கிண்ணங்கள் கவிழ்த்து வைக்கப்பட்டிருந்தன. பாலெடுத்து முடித்திருந்தனர்.

அவர் வீட்டில் இருந்தார். வெட்டுக்குப் போயிருப்பார் என்று எண்ணியிருந்த எனக்கு, வாயிலில் கால் நீட்டி அமர்ந்திருந்த அவரைக் கண்டதுமே செய்தி விளங்கிவிட்டது. முழங்காலில் மஞ்சள் பற்றுப் போட்டுத் துணி கட்டியிருந்தார். எழுந்து வரவேற்று, பலகையைத் துடைத்துப் போட்டு, பால் கலவாத கோப்பி கலக்கிக் கொடுத்தார். முதல் தேதியிலிருந்து மகள் பேர் பதிந்தாயிற்று என்று, மழை பெய்ததைச் சொல்வதுபோல் சொன்னார்.

சான்றிதழைக் கொடுத்தேன். வரிகளின்கீழ் விரலை நகர்த்தி முழுவதும் படித்தார்.

“நல்ல எழுத்து, டீச்சர்.”

பள்ளி வேலை போய்விட்டதைச் சொன்னேன். தாமதம் என்னுடையது என்றும் சொன்னேன். பொறுத்தருள வேண்டும் என்று நான் தொடங்கிய வாக்கியம் நீண்டது. தூய தமிழில், ஒழுங்காக, ஒரு பிழையுமின்றி நீண்டது. அவர் அதைக் கேட்கக் கூசியவர்போல் எழுந்து சான்றிதழை வைக்க இடம் தேடினார். கூரையில் ஒழுக்கு. சுவரில் ஈரம். முடிவில் அரிசித் தகரத்தின் மூடியைத் திறந்து, தாளைச் சுருட்டி, அரிசிக்குமேல் வைத்து மூடினார். அங்கேதான் நனையாது என்றார்.

ஈராண்டுகள் கழித்து என் வரைபடத்தைத் திருத்தி மீண்டும் அச்சிட்டேன். அதில் வலம், இடம் என இரு பத்திகள் இருந்தன; அணிந்து பாராமல் எவர் தையலையும் மதிப்பிடக்கூடாது என்ற விதியும் இருந்தது. அதை என் முறை என்று பலர் பாராட்டினர். முகவுரையில் யாருக்கு நன்றி சொல்வது என்று எண்ணி, எழுதி, அடித்து, அவ்விடத்தை வெறுமையாகவே விட்டேன். இதுவும் என் கணக்கில் சேர வேண்டியதே.

அன்று நான் விடைபெற எழுந்தபோது, வரிசை வீடுகளின் முன்னால் இருந்த பாதையில் மகள் வந்துகொண்டிருந்தாள். பிறர் முன்னமே சென்றுவிட்டிருந்தனர், புதியவளாகையால் பின்தங்கியிருந்தாள். தோளில் காண்டா. வாளிகள் நிறையப் பால் இல்லை. ஆயினும் அவ்வுடம்புக்கு அது பெருஞ்சுமை. தாய் படியிறங்கி, நொண்டிக்கொண்டே பாதையின் குறுக்கே போய் நின்றார்.

“எந்தப் பக்கம் தூக்கிட்டு வந்த?”

“வலது.”

“மரத்துலேருந்தே வலதா?”

பெண் தலையசைத்தாள்.

“எறக்கு. மாத்து.”

“இடது பக்கம் வலிக்குதும்மா. பழக்கமே இல்ல.”

“வலிக்கட்டும். பாதி தூரம் இது, பாதி தூரம் அதுன்னு எத்தன தடவ சொன்னேன்.”

பெண் வாளிகளை மண்ணில் இறக்கினாள். பால் ஒரு சுற்றுச் சுற்றி அடங்கியது. கம்பை இடத் தோளுக்கு மாற்றித் தூக்கியபோது தள்ளாடினாள். முன்வாளி தரையில் தட்டிச் சில துளிகள் சிந்தின. தாய் கைகளை நீட்டினார், கம்பைத் தொடவில்லை. நிறுக்கும் கொட்டகையை நோக்கி மகள் நடந்தாள். அவர் பின்னாலேயே, என்னை மறந்தவராக, நொண்டி நொண்டி நடந்தார். அவள் முதுகு வலப்பக்கம் சாயும்போதெல்லாம் உள்ளங்கையை அதில் வைத்து நிமிர்த்தினார். சில அடிகள் நேராகப் போகும். மீண்டும் சாயும். மீண்டும் கையை வைப்பார்.

பாதை திரும்பும் இடம் வரைக்கும் நான் பார்த்துக்கொண்டு நின்றேன்.